கராபிநாவில் ஆட்சேபணை இல்லை

அமைச்சகத்தின் வெள்ளை வண்டியில் வந்து இறங்கியதுதான் முதல் தப்பு. காலைத் தரையில் வைத்தபோதே மக்களவை உறுப்பினர் யூலாலி டொமிங்கோவுக்கு அது உறைத்துவிட்டது. வேறு வழியில்லை என்பதும் உண்மைதான். மழை பிடித்துக்கொண்டு, லெத்தம் பட்டணத்திலிருந்து கராபிநாவுக்கு வரும் தடம் முழங்கால் சேறாகக் கிடந்தது. ஊர் டிராக்டர் அச்சு முறிந்து ஒரு மாதமாக நிற்கிறதாம். ஆலோசனை அதிகாரி தேவ்நரைன், "நானும் அங்கதான் போறேன் மேடம், ஏறிக்குங்க" என்றான். ஏறிக்கொண்டாள். பத்து மணிக்குக் கூட்டம். அதற்கு முன்னால் ஊர்த் தலைவரைத் தனியாகப் பார்த்துவிட வேண்டும் என்ற அவசரம். யார் யாருடைய வண்டியில் வருகிறார்கள் என்று ஊர் எப்போதும் பார்க்கும் என்பது அந்த அவசரத்தில் மறந்துபோயிற்று. இந்த ஊரில் பிறந்தவள் மறந்திருக்கக் கூடாது.

தலைவர் என்று வெளியார்தான் சொல்வார்கள். ஊரில் தூஷாவ். ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுப்பது. இப்போதைய தூஷாவ் அன்ஸெல்ம் யூலாலியின் தாய்மாமன் மகன். அவளுக்குக் கட்டிக்கொள்ளும் முறை. நாற்பது வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு பேச்சும் இருந்தது. அவள் ஆசிரியப் பயிற்சிக்குத் தலைநகர் போனதில் அது அப்படியே நின்றுவிட்டது.

"வாங்க கௌரவ உறுப்பினரே" என்றான் அன்ஸெல்ம். ஊஞ்சல் வலையிலிருந்து எழுந்திருக்கவில்லை. "ரோடு எப்படி இருந்துச்சு? உங்க அரசாங்கம் போட்ட ரோடு."

"மச்சான், கிண்டலுக்கெல்லாம் இப்ப நேரமில்ல."

"மச்சானா? அடேயப்பா, முறை இன்னும் ஞாபகம் இருக்கு. என்னைக் கட்டியிருந்தா இந்நேரம் மரவள்ளி சீவிக்கிட்டு இருப்ப. தப்பிச்சே போ."

அடுப்படியிலிருந்து அவன் மனைவி ஹெர்மினா குரல் கொடுத்தாள். "தப்பிச்சது அவங்க இல்ல, நீதான். தினம் ஒரு சட்டம் போட்டு உன்னை உக்கார வச்சிருப்பாங்க."

மூன்று பேரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் யூலாலிக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. ஆனால் ஹெர்மினா வெளியே வந்து பிளாஸ்டிக் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். குடுவையில் பரகாரி கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள். மரவள்ளியில் ஊறிய கள், புளிப்பும் இனிப்புமாக. வீட்டு மனுஷிக்கு அப்படி நீட்டுவதில்லை. வீட்டு மனுஷி பானையில் தானே மொண்டு குடிப்பாள்.

யூலாலி குடித்தாள். பிறகு, வழியெல்லாம் மனசுக்குள் வரிசைப்படுத்தி வந்ததை ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

கூபை மலையில் தங்கம் தோண்ட கம்பெனி விண்ணப்பம் போட்டிருக்கிறது. மலையடியில் ஊரின் மரவள்ளிக் கொல்லைகள் அத்தனையும் இருக்கின்றன, ஓடையும் அங்கேதான் பிறக்கிறது. இன்றைக்கு நடப்பதுதான் ஒரே ஆலோசனைக் கூட்டம். இதில் ஊரார் ஒருவர், ஒரே ஒருவர், எழுந்து ஆட்சேபணை சொல்லி அது ஏட்டில் ஏறினால் போதும், விண்ணப்பம் தீர்ப்பாயத்துக்குப் போய்விடும். இரண்டு வருஷமாவது மலையைத் தொட முடியாது. அதற்குள் பட்டா வாங்கிவிடலாம். ஏறவில்லை என்றால் முப்பது நாளில் இயந்திரம் வந்து இறங்கும்.

"அதனால யாராவது வாயத் தொறந்து வேண்டாம்னு சொல்லணும். நீ சொன்னா இன்னும் நல்லது."

அன்ஸெல்ம் வலையில் ஆடிக்கொண்டே, "கேட்டுக்கிட்டோம்" என்றான்.

அந்தச் சொல்லின் பொருள் யூலாலிக்குத் தெரியும். வாபிஷானா பழங்குடி வீட்டில், வந்தவர் முகத்தைப் பார்த்து முடியாது என்று சொல்லும் வழக்கம் கிடையாது. கேட்டுக்கொண்டோம் என்பார்கள். குடிக்கக் கொடுப்பார்கள். பேச்சை மழைக்கு மாற்றுவார்கள். ஒரு வீடு அப்படிச் செய்தால் அந்த வீடு மறுக்கிறது. ஊரே கூடி வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தால் ஊரே மறுக்கிறது. அதற்கு மேல் ஒரு மறுப்பு இல்லை. ஐந்து வயதுப் பிள்ளைக்கும் இது தெரியும். தலைநகரில் ஒருவருக்கும் தெரியாது. இரண்டு இடமும் தெரிந்த ஒரே ஆளான யூலாலி, இந்த ஆலோசனைச் சட்டம் எழுதப்பட்ட மேசையருகே உட்கார்ந்திருந்தாள்.

"என்கிட்டயே கேட்டுக்கிட்டோம்னு சொல்றியா?" என்றாள்.

அன்ஸெல்ம் ஆடுவதை நிறுத்தினான். "சரி, முறைக்காரின்னு கேக்கற. சொல்றேன். நாலு வருஷத்துக்கு முன்ன மருத்தாவ் ஊர்ல என்ன நடந்துச்சு? அந்த மார்ட்டினியன் எந்திரிச்சு வேண்டாம்னு கத்தினான். என்ன எழுதினாங்க? ஒருத்தர் எதிர்ப்பு, தொண்ணூத்தியோரு பேர் சம்மதம். பக்கத்துல உக்காந்திருந்தவன் எல்லாம் சம்மதமாம். அவன் பொண்டாட்டியும் சம்மதமாம்."

"அது பழைய சட்டம், மச்சான். அதுக்கப்புறம்தான் மாத்தினோம். இப்ப ஒரு ஆள் சொன்னாலே போதும்."

"அப்படித்தான் நீ சொல்ற. முன்ன ஒரு தடவ கையெழுத்துப் போடுங்கன்னு சொன்ன, போட்டோம். சாப்பாட்டுக்கு வந்தவங்க லிஸ்ட்டுன்ன. அது எங்க போச்சுன்னு உனக்கே தெரியாது. இப்ப பேசுங்கங்கற. நாங்க ஊர் கூடி முடிவு பண்ணிட்டோம். யாரும் பேசக்கூடாது, யாரும் கையெழுத்துப் போடக்கூடாது. ஒருத்தரும் உடைக்கக்கூடாது. குடிகாரன் ரொஸாரியோ கூட சத்தியம் பண்ணியிருக்கான்."

"அப்ப எல்லாரும் சேந்து சொல்லுங்க."

"நூத்துச் சொச்சம் பேரும் ஒண்ணா வாய் தொறக்கணும்னா அது ஜெபம், கூட்டம் இல்ல."

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. "மச்சான், கேளு. பேசாம இருந்தா சம்மதம்னு எழுதிடுவாங்க. சட்டத்துல அப்படித்தான் இருக்கு."

"அப்படி எவனாவது சட்டம் எழுதுவானா?" அன்ஸெல்ம் உண்மையாகவே கேட்டான். "வாயத் தொறக்காதவன் ஒத்துக்கிட்டான்னு? பைத்தியக்காரன்தான் எழுதுவான். அந்த வண்டிக்காரன் உன்கிட்ட அப்படிச் சொல்லி அனுப்பினானா?"

அப்போது ஒரு வாக்கியம் போதுமாக இருந்தது. நான்தான் எழுதினேன் என்று சொல்லியிருந்தால் அன்ஸெல்ம் நம்பியிருப்பான். கோபத்தில் நம்பியிருப்பான், ஆனால் நம்பியிருப்பான். யூலாலி வாயைத் திறந்தாள்.

"அரசாங்கத்துல அப்படி வச்சிட்டாங்க" என்றாள்.

உறுப்பினராக இருந்த பத்தொன்பது வருஷமும் சொல்லிச் சொல்லிப் பழகிய வாக்கியம். தானாக வந்தது.

அன்ஸெல்ம் வெளியே பார்த்து, "மேற்கால கறுக்குது, மத்தியானம் கொட்டும்" என்றான்.

*

பேசாவிட்டால் சம்மதம் என்ற அந்தச் சட்ட வரி எப்படி வந்தது என்பதை யூலாலி பல தடவை நினைத்துப் பார்த்திருக்கிறாள். ஒவ்வொரு தடவையும் கதை கொஞ்சம் மாறும்.

அமைச்சகம் எழுதிய புதுச் சட்டத்தின் முதல் வரைவில் ஆலோசனையையே எடுத்துவிட்டிருந்தார்கள். கம்பெனி ஊருக்கு ஒரு அறிவிப்புக் கடிதம் அனுப்பினால் போதும். அவள் எட்டு மாதம் குழுவில் சண்டை போட்டாள். செப்டம்பரில் பழங்குடியினர் மாதம் வந்தால் தலையில் இறகு வைத்துப் போட்டோவுக்கு நிற்க மட்டும் அவளைக் கூப்பிடுகிறவர்கள், முதல் முறையாக அவள் பேசி முடிக்கும்வரை உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொன்றாகப் பிடுங்கினாள். கூட்டம் கட்டாயம். மூன்று முறை கேட்க வேண்டும். ஒவ்வொரு முறைக்கும் நடுவே பத்து நிமிஷம். ஊர்ப் பதிவேட்டில் பெயர் உள்ளவர் மட்டுமே பேசலாம். வெளியார் யாரும், மக்களவை உறுப்பினர் உட்பட, பேச முடியாது. 'உறுப்பினர் உட்பட' என்பதைச் சேர்த்தது அவள்தான். அதற்கு முந்தின வருஷம் ஒரு மந்திரி ஒரு ஊருக்கு வந்து மூன்று மணி நேரம் தானே பேசிவிட்டுப் போயிருந்தார்.

கடைசி வெள்ளிக்கிழமை சாயங்காலம் அமைச்சக வக்கீல் கேட்டார்: யாரும் ஆட்சேபிக்காவிட்டால்? காலவரம்பு இல்லாமல் தொங்க விட முடியாதே. இசைந்ததாகக் கொள்ளப்படும் என்று போட்டுவிடலாமா? யூலாலி பேனாவை வாங்கித் தன் கையால் எழுதினாள். ஊர்களுக்குப் போய்ச் சொல்லிக் கொடுத்துவிடலாம், பேசப் பழகிக்கொள்வார்கள் என்று நினைத்தாள். அப்போதே அப்படி நினைத்தாளா, பின்னால் தனக்காக நினைத்துக்கொண்டாளா என்பதுதான் நிச்சயமில்லை. பதினோரு ஊருக்குப் போனாள். பிறகு தேர்தல் வந்தது. கராபிநாவ் பன்னிரண்டாவதாக இருந்தது. சொந்த ஊர்தானே, எப்போது வேண்டுமானாலும் போகலாம்.

மூன்று நாளைக்கு முன் கட்சிச் செயலாளர் கூப்பிட்டு, "கட்சித் தலைவர் அடுத்த தேர்தலுக்கு உங்க பேர பட்டியல்ல மேல வச்சிருக்கார் அக்கா. கராபிநாவ் மட்டும் சத்தமில்லாம முடியட்டும்" என்றார். சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து உட்கார்ந்தபோது, பதவி போனால் போகட்டும் என்று அவளுக்குத் தோன்றியது. தோன்றியதும் பெரிய நிம்மதியாக இருந்தது. ஐம்பத்தொன்பது வயதில், இவ்வளவு சுலபமா என்று ஆச்சரியப்பட்டாள்.

*

பனையோலை வேய்ந்த வட்டக் கூடத்தில் நூற்றுப் பதினெட்டுப் பேர் வந்து உட்கார்ந்தார்கள். ரொஸாரியோ குளித்துத் தலைவாரி முதல் வரிசையில் இருந்தான். ஊரார் எல்லோருக்கும் பெஞ்சு. தேவ்நரைனுக்கும் யூலாலிக்கும் நாற்காலி.

தேவ்நரைன் நல்ல பையன். அவசரப்படவில்லை. விண்ணப்பத்தை ஆங்கிலத்தில் வாசித்தான், பள்ளி ஆசிரியை வாபிஷானா மொழியில் சொன்னாள். எத்தனை ஏக்கர், எத்தனை வருஷம், ஊருக்கு எவ்வளவு பங்கு. எதையும் மறைக்கவில்லை. பிறகு கைக்கடிகாரத்தைக் கழற்றி மேசைமேல் வைத்தான்.

"முதல் முறையா கேக்கறேன். யாருக்காவது ஆட்சேபணை இருக்கா?"

ஒருவரும் அசையவில்லை. ஒரு கைக்குழந்தை அழுதது. தாய் மார்போடு சேர்த்துக்கொண்டாள். பத்து நிமிஷம் என்பது அவ்வளவு நீளமானது என்று குழு அறையில் யாரும் யோசிக்கவில்லை. யூலாலி ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். அவள் பார்த்த முகம் எல்லாம் மரியாதையாகத் தரையைப் பார்த்தது. அத்தனை பேரும் பல்லைக் கடித்துக்கொண்டு மலையைக் காப்பாற்றிக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டாவது முறை கேக்கறேன். யாருக்காவது ஆட்சேபணை?"

யூலாலி எழுந்தாள். "எனக்கு இருக்கு."

தேவ்நரைன் சங்கடத்தோடு பதிவேட்டைப் புரட்டினான். "மேடம், இதுல உங்க பேர் இல்லையே."

"நான் இங்க பொறந்தவ. எங்கம்மாவை அந்த மலைப் பக்கம்தான் புதைச்சிருக்கு."

"தெரியும் மேடம். ஆனா பதினாலு வருஷம் முன்ன நீங்களே தலைநகர் வாக்காளர் பட்டியலுக்கு மாத்திக்கிட்டிருக்கீங்க. பிரிவு ஒன்பது..." குரலைத் தாழ்த்தினான். "எங்களுக்குப் பயிற்சியில நீங்க அவையில பேசினதத்தான் போட்டுக் காட்டினாங்க. யார் வந்து கெஞ்சினாலும் விடாதீங்க, உறுப்பினரே வந்தாலும் விடாதீங்கன்னு. நான் நோட்டுல எழுதி வச்சிருக்கேன்."

அவன் கிண்டல் செய்யவில்லை. மதிப்போடுதான் சொன்னான்.

யூலாலி அவனை விட்டுத் திரும்பி, ஊரைப் பார்த்து வாபிஷானாவில் பேச ஆரம்பித்தாள். "யாராவது ஒருத்தர் சொல்லுங்க. ஒரே வார்த்தை. வேண்டாம்னு சொல்லுங்க. நீங்க சும்மா இருக்கறது இவங்களுக்குப் புரியாது. எனக்குப் புரியும், இவங்க பேப்பருக்குப் புரியாது. கெஞ்சிக் கேக்கறேன்..."

"எனக்கு ஒரு ஆட்சேபணை இருக்கு."

ஹெர்மினா எழுந்து நின்றிருந்தாள். தேவ்நரைனின் பேனா நிமிர்ந்தது. அன்ஸெல்ம் திடுக்கிட்டு மனைவியைப் பார்த்தான். யூலாலிக்குக் கண் நிறைந்துவிட்டது. ஒருவர் போதும். சட்டம் அதைத்தான் கேட்டது.

"சொல்லுங்கம்மா. பேர்?"

"ஹெர்மினா வின்டர். பேர் லிஸ்ட்டுல இருக்கும், பாத்துக்குங்க." அவள் யூலாலியைப் பார்க்கவில்லை. "விருந்தாளி கூட்டத்துல பேசறது எங்களுக்குப் பிடிக்கல. நாங்க பேச வேண்டாம்னு முடிவு பண்ணியிருக்கோம். உங்க வண்டியில வந்தவங்க வந்து, பேசு பேசுன்னு எங்களை ஒடைக்கப் பாக்கறாங்க. அவங்களை உக்காரச் சொல்லுங்க. அதான் என் ஆட்சேபணை."

ஆசிரியை தயங்கித் தயங்கி மொழிபெயர்த்தாள். தேவ்நரைன் கேட்டுவிட்டு, "விண்ணப்பத்தப் பத்தி ஏதாவது சொல்ல விரும்பறீங்களாம்மா?" என்றான். உண்மையிலேயே ஆசைப்பட்டுக் கேட்டது போல இருந்தது.

ஹெர்மினா உட்கார்ந்துவிட்டாள்.

யூலாலியும் உட்கார்ந்தாள். அதற்கு மேல் நின்றால் ஆட்சேபணையை மீறியதாகும். பத்து நிமிஷம் மறுபடி ஓடியது.

"மூணாவது முறை, கடைசி முறை கேக்கறேன்."

அவள் அவையில் எத்தனையோ பேரின் எதிர்ப்பைக் கேட்டிருக்கிறாள். மேசையைத் தட்டுவார்கள், தாளைக் கிழிப்பார்கள், வெளிநடப்புச் செய்வார்கள். நூற்றுப் பதினெட்டுப் பேர் சேர்ந்து ஒரு இருமல்கூட இல்லாமல் மறுப்பதை இப்போதுதான் கேட்டாள். மேற்கே கறுத்தது இன்னும் வந்து சேரவில்லை. கூரையோலை காற்றில் உரசும் சத்தம் மட்டும் கேட்டது.

தேவ்நரைன் எழுதினான். எழுதியதை முறைப்படி ஆங்கிலத்தில் உரக்க வாசித்தான். "வந்தவர்கள் நூற்றுப் பதினெட்டு. ஆட்சேபணை ஒன்று: கௌரவ உறுப்பினர் கூட்டத்தில் பேசியது குறித்து. விண்ணப்பம் குறித்து ஆட்சேபணை எதுவும் பதிவாகவில்லை." ஆசிரியையிடம் மொழிபெயர்க்கச் சொன்னான். அவள் அதற்குள் பிள்ளைகளுக்குச் சாப்பாடு போடப் போயிருந்தாள். கூட்டமும் எழுந்து கலையத் தொடங்கியிருந்தது.

ஏட்டை மூடிக்கொண்டே தேவ்நரைன் சொன்னான். "இவ்வளவு ஒழுங்கான கூட்டம் நான் நடத்தினதே இல்ல மேடம்."

*

கூடத்துக்கு வெளியே ஊர் சிரித்துக்கொண்டிருந்தது. ரொஸாரியோவின் முதுகில் ஆளுக்கு ஒரு தட்டு. ஒருவன், "நீ மூடின வாய இன்னைக்குத்தான்டா பாத்தோம்" என்றான். பானையைச் சுற்றிக் குடுவைகள் கைமாறின.

அன்ஸெல்ம் யூலாலியைத் தேடி வந்தான். முகம் மலர்ந்திருந்தது. காலையில் பேசியதெல்லாம் அவனுக்கு மறந்துவிட்டது போலிருந்தது.

"பாத்தியா? ஒருத்தன் அசையல. நாய் கூடக் குரைக்கல. ஹெர்மினா எந்திரிச்சப்ப எனக்கு உயிரே போயிடுச்சு. தப்பா நினைக்காத, அவ குணம் அப்படி. நீ பட்டணத்துல பழகிட்ட, உனக்கு இதெல்லாம் பதட்டமா இருக்கும்." குரலைத் தணித்து, கிட்டத்தட்ட அன்பாகக் கேட்டான். "இனி அவனால என்ன எழுத முடியும், சொல்லு."

"சம்மதம்னு எழுதியிருக்கான்."

"யாரு?"

"நீங்கதான். ஊர். கூபை மலையத் தோண்ட ஊர் சம்மதிச்சதுன்னு. இன்னும் முப்பது நாள்."

அன்ஸெல்ம் சிரிப்பை முகத்திலிருந்து இறக்கக் கொஞ்ச நேரம் எடுத்துக்கொண்டான். கூடத்தைத் திரும்பிப் பார்த்தான். தேவ்நரைன் நாற்காலியை மடக்கி வைத்துக்கொண்டிருந்தான்.

"போய்க் கேக்கறேன். இப்பவே எல்லாரையும் கூப்பிட்டு வேண்டாம்னு சொல்ல வைக்கறேன். மார்ட்டினியன் மாதிரி கத்தச் சொல்றேன்."

"மூணாவது முறைக்கு அப்புறம் சொல்றது செல்லாது மச்சான்."

"எவன் சொன்னது?"

"சட்டம்."

"எந்த முட்டாள் எழுதின சட்டம் அது?" அவன் குரல் உயர்ந்தது. பானையைச் சுற்றி நின்றவர்கள் திரும்பினார்கள். "எங்க ஊர்ப் பழக்கம் தெரியாத எவனோ எழுதினது. நீ அங்கதானே உக்காந்திருந்த? அவனுக்கு எடுத்துச் சொல்ல மாட்டியா?"

இந்தத் தடவையும் வாயில் முதலில் வந்தது பழைய வாக்கியம்தான். யூலாலி அதை விழுங்கினாள்.

"நான்தான் எழுதினேன். அந்த வரிய. என் கையால."

அவன் புரிந்துகொள்வது அவளுக்குத் தெரிந்தது. படிப்படியாகப் புரிந்துகொண்டான்.

"காலையில தெரியுமா உனக்கு?"

"தெரியும்."

"நான் கேட்டேனே. எவனாவது எழுதுவானான்னு கேட்டேனே."

"கேட்ட."

"அப்ப சொல்லியிருந்தா நானே எந்திரிச்சிருப்பேன்."

வெட்கமாக இருந்தது என்று யூலாலி சொல்லலாம். மலைக்கு அது பதிலாகாது. பதவியை விடத் துணிந்து வந்தேன் என்று சொல்லலாம். அதை யாரும் அவளிடம் கேட்கவில்லை. அவள் விட வேண்டியிருந்தது ஒரு பொய்யை மட்டும்தான்.

ஹெர்மினா கையில் குடுவையோடு நடந்து வந்துகொண்டிருந்தவள், அன்ஸெல்மின் முகத்தைப் பார்த்துப் பாதியிலேயே நின்றாள். அவனோ ஊர் கேட்கும்படி, யூலாலியின் முகத்தைப் பார்த்து, அந்த ஊரில் யாரிடமும் யாரும் நேருக்கு நேர் சொல்லாததைச் சொன்னான்.

"போயிடு யூலாலி. இனிமே இந்த ஊருக்கு வராத."

தூறல் போட ஆரம்பித்தது. தேவ்நரைன் ஏட்டைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடிவந்து வண்டிக் கதவைத் திறந்தான். தடம் முழுகுவதற்குள் ஓடையைத் தாண்டிவிட வேண்டும் என்று அவசரப்படுத்தினான்.